யானைகள் நகரும்வரை

அந்த வண்டியில் டிரைவருக்குச் சாப்பாடு தயார் என்பதற்கு ஒரே அடையாளம், தகரத்தில் கரண்டியால் இரண்டு தட்டு. சமையல்காரி வாயைத் திறந்து கூப்பிட மாட்டாள். தட்டை ஸ்பேனர் பெட்டியின் மேல் வைப்பாள், கரண்டியால் வண்டியைத் தட்டுவாள், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். தெருநாய்க்குச் சோறு வைக்கிறவர்கள்கூட அதனிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வைப்பார்கள். ஆனால் அந்தத் தட்டில் ஒரு குறை சொல்ல முடியாது. உப்பும் உறைப்பும் சூடும் எல்லாருக்கும் போலவே இருக்கும். பெண்ணைப் பெற்றவள் சாப்பாட்டில் வஞ்சகம் செய்தாள் என்று நாளைக்கு அந்த ஆள் சொல்லிவிடக் கூடாதே.

டிரைவரும் லேசுப்பட்டவர் இல்லை. அது சரணாலயம் சரணாலயமாகச் சுற்றும் சுற்றுலா வண்டி. லாரி மாதிரி உயரம். மேலே பயணிகளுக்கு இருக்கை, கூரையில் கூடாரங்கள், இடது பக்கத்தில் சமையலறை. சமையலறை என்றால் பெரிதாக எதுவுமில்லை. ஒரு பலகைக் கதவைக் கீழே இறக்கினால் அதுவே மேசை, உள்ளே இரண்டு அடுப்பு, ஒரு சிலிண்டர், பாத்திரங்கள். முகாமுக்கு வந்து சேர்ந்ததும் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதில்தான் சமையல்காரியின் மாலைப்பொழுதே இருக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினால் அடுப்பு நின்று எரியும். எதிர்க்காற்றில் நிறுத்தினால் அடுப்பும் அணையும், கண்ணிலும் மண் விழும். டிரைவர் இறங்கி நின்று, ஒரு பிடி மண்ணை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்ப்பார். பார்த்துவிட்டு, மறுபடி ஏறி, சமையலறைப் பக்கம் காற்று முகத்தில் அறைகிற மாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்துவார். அவள் ஒரு வார்த்தை பேசாமல் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவாள். முதலாளியிடம் போய்ச் சொல்ல மாட்டாள். சொன்னால் தோற்றதாகிவிடும் அல்லவா.

பயணிகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? சிறுத்தையும் காட்டெருமையும் பார்க்க வந்தவர்கள் அவர்கள். ஜென்மப் பகையோடு இரண்டு பிராணிகள் வண்டியிலேயே கூட வருவதை யாரும் படம் எடுத்ததில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் சிக்கிக்கொண்டவள் கைடு. பறவைகளின் குரலை வைத்தே இனம் சொல்லக் கூடிய கெட்டிக்காரப் பெண். ஆனால் அவள் வேலையில் பாதி, "தண்ணி எங்க பிடிக்கணும்னு அந்தம்மாவைக் கேளு," "பாலம் தாண்டிப் பிடிச்சுக்கலாம்னு அந்தாளுகிட்ட சொல்லு" என்று இரண்டு அடி தூரத்துக்குத் தூது போவதிலேயே கழிந்தது.

ஒரு காலத்தில் இதே இரண்டு பேர்தான் எல்லாரும் தூங்கப் போன பிறகும் அடுப்பங்கரையில் உட்கார்ந்து கதை பேசியவர்கள். சமையல்காரியின் புருஷன், பெண் கைக்குழந்தையாக இருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் போனவன். அவள் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் பாத்திரம் தேய்ப்பதில் தொடங்கி, அங்கேயே தலைமைச் சமையல்காரியாகி, பிறகு இந்த வண்டிக்கு வந்து சேர்ந்தாள். ஆண் துணை இல்லாதவளை வீட்டுக்காரன் எப்படிப் பார்ப்பான், மளிகைக் கடைக்காரன் எப்படிப் பேசுவான், சொந்த அண்ணன் மனைவி எப்படிக் கதவைச் சாத்துவாள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மகளுக்கு அந்தக் கதி வரவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தாள். டிரைவருக்கு ஒரு மகன், இவளுக்கு ஒரு மகள். வண்டியிலேயே பேச்சு ஆரம்பித்து, வண்டியிலேயே முடிவானது. முன்பின் தெரியாத வீட்டில் தள்ளவில்லை, நல்ல மனுஷன் வீட்டில் கொடுத்திருக்கிறேன் என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றாள். மாப்பிள்ளை கோபக்காரர், அது இது என்று ஏதோ சொன்னாள். தாய் அவளை ஒரு ராத்திரி வைத்திருந்து, புத்திமதி சொல்லி, காலையில் கையோடு கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். எந்தத் தாயும் செய்கிற காரியம்தான் என்று அதை அவள் மறந்தும் போனாள்.

அவள் மறக்காதது இன்னொரு காலை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், சம்பந்தியின் வண்டி. மகள் இரண்டு பெட்டியோடு இறங்கி நிற்கிறாள். அந்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இறங்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை, இஞ்சினைக்கூட அணைக்கவில்லை. இவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் வண்டி தெருமுனை திரும்பிவிட்டது. "அனுப்பிட்டாங்கம்மா" என்றாள் மகள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து பெயரவில்லை.

சரக்கு இறக்குகிறவன்கூட வண்டியை அணைத்துவிட்டு இறக்குவான். அந்த இஞ்சின் சத்தம் மூன்று வருடமாக அவள் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் விவாகரத்தும் ஆகிவிட்டது. மகள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து, தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறாள். வேறு வண்டிக்கு மாறிக்கொள்கிறாயா என்று முதலாளி கேட்டபோது, தப்பு செய்தவர்கள் மாறட்டும் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தப்பு என் மகன் மேல்தான் என்று அந்த ஆள் தன் வாயால் சொல்ல வேண்டும். அதை வாங்காமல் அந்த வண்டியைவிட்டு இறங்குவதில்லை என்றிருந்தாள்.

இந்த முறை பயணத்தில் தொப்பிக்காரர் ஒருவர் வந்திருந்தார். எதைப் பார்த்தாலும் அதைவிடப் பெரியதை வேறெங்கோ பார்த்திருப்பவர். மலைப்பாதையில் பத்து வளைவு ஏறியதும் அவருக்குக் குடலைப் பிரட்டிக்கொண்டு வந்துவிட்டது. படுக்க இடம் வேண்டும். இருப்பதிலேயே நீளமான இருக்கை, கடைசி வரிசையில் சமையல்காரி உட்காருவது. கைடு தயங்கித் தயங்கி வந்து, கொஞ்ச தூரத்துக்கு மட்டும் முன்னால், டிரைவர் பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேட்டாள். தரையில் உட்கார்ந்துகொள்கிறேன் என்றாள் இவள். அதற்கு விதி இடம் கொடுக்காது என்றாள் கைடு. வாந்தி எடுக்கிற மனுஷனோடு வழக்காட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் ஏறினாள். கதவோடு கதவாக ஒட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் தன் பையை வைத்தாள்.

மலையிறங்கிக் காட்டுக்குள் நுழைந்து, ஒரு வளைவு திரும்பியதும் டிரைவர் பிரேக்கை மிதித்தார். பாதை முழுக்க யானை. குட்டிகளும் இருந்தன. பின்னால் எடுக்கலாம் என்றால், மூங்கிலை ஒடித்துக்கொண்டு இன்னும் நாலைந்து பின்னாலும் இறங்கி வந்தன. அவர் இஞ்சினை அணைத்தார். கைடு பின்பக்கச் சின்ன ஜன்னல் வழியாக உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். யாரும் பேசக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது, அதுகளாக நகரும்வரை இருக்க வேண்டியதுதான்.

இஞ்சின் அடங்கிய அந்த அமைதியைச் சமையல்காரியால் தாங்க முடியவில்லை. அணைக்கத் தெரியாதவர் இல்லையே இந்த ஆள். யானைக்கு அணைக்கிறார், என் வாசலில் அணைக்கவில்லை. 

"யானைக்குன்னா வண்டிய அணைக்கத் தெரியுது" என்றாள். மூன்று வருடத்தில் அவரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை. அதையும் காற்றாகத்தான் சொல்ல முடிந்தது.

அவர் கண்ணாடி வழியே யானையையே பார்த்தார். "இப்ப பேச வேணாம் சம்பந்தியம்மா."

"வேற எப்ப பேசுவீங்க? முகாம்ல நிறுத்தினா இறங்கி ஓடிடுவீங்க."

நீங்கள் சண்டை போட்டிருப்பீர்கள், நானும் போட்டிருக்கிறேன். தொண்டை கிழியக் கத்தினால்தான் சண்டை போட்ட திருப்தி. ரகசியம் பேசுகிற குரலில், கையைக்கூட ஆட்டாமல், முகத்தை நேரே வைத்துக்கொண்டு ஜென்மத்துக் கோபத்தை எல்லாம் கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த இரண்டு பேரைத்தான் கேட்க வேண்டும். மரியாதையும் குறையவில்லை, நீங்க, வாங்க, போங்க என்றே ஒருவரை ஒருவர் குதறினார்கள். என் பெண் என்ன மூட்டையா, தெருவில் இறக்கிவிட்டுப் போக என்றாள். காற்றில் மண் தின்ன வைத்தும் ஆத்திரம் அடங்கவில்லையா என்றாள்.  வண்டியின் பக்கத்தில் ஒரு பெரிய யானை உடம்பைத் தேய்த்துக்கொண்டு போக, வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது தாண்டியதும், விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்ந்தாள்.

"ஒரே ஒரு வார்த்தை. தப்பு என் பையன் மேலதான்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் உங்க மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்."

"தப்பு என் பையன் மேலதான்" என்றார் டிரைவர்.

அவ்வளவு சுலபமாக வந்து விழும் என்று அவள் நினைக்கவில்லை.  ஆனால் அவர் முடிக்கவில்லை.

"அவன் கை நீட்டுறவன். என் ரத்தம்தான், வெக்கக்கேடு. நான் தடுத்தா அன்னிக்கு நிப்பான், மறுநாள் நான் வண்டிக்குக் கிளம்பிடுவேன். சரி, உங்க பொண்ணு உங்ககிட்ட வந்தாளே, அன்னிக்கு என்ன சொன்னா?"

அவள் பார்வையை யானைகள் பக்கம் திருப்பினாள்.

"அடிக்கிறார்னு சொன்னாளா இல்லையா?"

"ஒரு தடவைன்னு சொன்னா."

"ஒரு தடவைன்னு. நீங்க அனுசரிச்சுப் போன்னு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, சின்னப் பொண்ணு, எதையும் மனசுல வச்சுக்காதீங்கன்னு என்கிட்டயே ஒப்படைச்சீங்க. கழுத்துல துப்பட்டாவச் சுத்திக்கிட்டு நின்னா. எனக்குத் தெரிஞ்சுது, பெத்தவளுக்குத் தெரியல."

யானைக் குட்டி ஒன்று பாதை நடுவில் படுத்துப் புரண்டது. பின்னால் பயணிகள் அதைக் கேமராவில் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நாங்க யாரும் அவள அனுப்பல. அவளா வந்து என்னைக் கேட்டா, மாமா என்னைக் கொண்டு போய் விட்டுடுங்கன்னு. நானா வந்தேன்னு தெரிஞ்சா அம்மா மறுபடியும் இங்கயே கொண்டாந்து விட்டுடுவாங்க, நீங்க துரத்திட்டதா இருக்கட்டும்னா. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினா. இப்ப உங்களால அதையும் முறிச்சிட்டேன்."

அவர் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் இரக்கம் என்று மருந்துக்கும் இல்லை.

"உங்க தெரு வந்ததும் என்ன சொன்னா தெரியுமா? இஞ்சின அணைக்காதீங்க மாமா, அணைச்சா அம்மா வந்து பேசி என்னைத் திரும்ப ஏத்தி விட்டுடுவாங்கன்னா. அதான் அணைக்கல. நீங்க மண்ணத் தின்னுங்க. இன்னும் நல்லாத் தின்னுங்க."

யானைகள் எப்போது நகர்ந்தன என்று அவளுக்குத் தெரியாது. டிரைவர் சாவியைத் திருப்பினார். இஞ்சின் உறுமியதும் அவள் உடம்பு தூக்கிப்போட்டது.

முகாமில் இறங்கியதும் கைடு இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். அவ்வளவு நேரம் முன்னால் இருந்து ஒரு சத்தம் வரவில்லை, உங்கள் பொறுமைதான் எங்களைக் காப்பாற்றியது என்றாள். தொப்பிக்காரர் தெம்பாக எழுந்து வந்து, இதைவிடப் பெரிய கூட்டத்தை வேறொரு நாட்டில் பார்த்திருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். டிரைவர் மண்ணை எடுத்துக் காற்றில் விட்டுப் பார்த்தார். சமையலறைப் பக்கம் சரியாக எதிர்க்காற்றில் இருக்கும்படி வண்டியை நிறுத்தினார்.

அவள் தார்ப்பாயைக் கட்டவில்லை. பாதி நறுக்கிய வெங்காயத்தைப் பலகையிலேயே போட்டுவிட்டு, அடுப்பை அணைத்தாள். முகாமுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேட்டில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். பொழுது சாய்வதற்குள் ஏறிவிட்டாள். வழியெல்லாம் என்ன கேட்பது என்று யோசித்தாள். ஏண்டி என்கிட்டச் சொல்லல என்று கேட்கலாம். சொன்னாளே. சொல்லித்தானே திரும்பிப் போனாள். ஹாஸ்டல் ஸ்டோர் ரூம் சாவி முதல் எதையும் பத்திரமாக வைத்திருக்கத் தெரிந்தவள், அந்த ஒரு ராத்திரியை மட்டும் எங்கே தொலைத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. தன்னை நினைத்தால் தனக்கே அருவருப்பாக இருந்தது.

மகள் கிளினிக்கில்தான் இருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள், காலில் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"அன்னிக்கு நீயா கேட்டுத்தான் வந்தியாமே" என்றாள் தாய். "உன் மாமனார் சொன்னார்."

அந்தப் பக்கம் யாரோ மணியடிப்பதும் யாரோ கதவைத் திறப்பதும் கேட்டது. முப்பதைத் தொடப்போகிற பெண், சொந்தக் காலில் நிற்கிறவள், விவாகரத்து முடிந்து எத்தனையோ நாளானவள். போனைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற குரலில் கேட்டாள்:

"அப்போ, திரும்ப அங்க கொண்டு போய் விட்டுடுவியாம்மா?"

இல்லடி என்று சொல்ல வாயைத் திறந்தாள் சமையல்காரி. காட்டுக்குள் பேசிப் பேசிப் பழகிய அந்தக் காற்றுக் குரல்தான் வந்தது. மகளுக்குக் கேட்கவில்லை; என்னம்மா, என்னம்மா என்றாள். அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "இல்லடி, இல்ல."

கீழே கூடாரம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். டிரைவர் மட்டும் நிமிரவில்லை.