பந்தயக் களத்து நடுவீடு

எங்கள் வீட்டுக்கு ஆட்டோ வராது. கொட்டாரம் கடைத்தெருவில் ஏறும்போதே சொல்லிவிடுவேன், வாய்க்கால் கரையில் இறக்கிவிட்டால் போதும் என்று. அங்கிருந்து தென்னந்தடிப் பாலத்தைத் தாண்டி, ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கிற கரையில் வர வேண்டும். மற்ற மூன்று பக்கமும் அடுத்தவர் மதில்கள். இப்படியொரு இடத்தில் வீடு கட்டிய புத்திசாலி யார் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். என் அப்பாதான். குதிரைப் பந்தயம் பார்க்கக் கட்டினார்.

சொன்னால் சிரிக்கிறார்கள். ஆனால் இந்த மதில்கள் நிற்கிற இடத்தில் குதிரைகள் ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். மாசியில் கும்பப்பூ நெல் அறுவடை முடிந்து, அடுத்த உழவு தொடங்குகிற வரைக்கும் காய்ந்த வயலெல்லாம் சேர்ந்து ஒரே பந்தயக் களம். வயல்காரர்கள் மண்வெட்டியோடு வந்து அவரவர் வரப்பை அவரவரே வெட்டிச் சரித்துத் தருவார்கள். யார் வயலையும் யாரும் மிதிக்கலாம். ஓடியவை அரண்மனைக் குதிரைகள் அல்ல, ஆண்டு முழுக்க வண்டி இழுத்தவை. சேணம் கிடையாது, முதுகில் மடித்துப் போட்ட சாக்குதான். ஜெயித்தவனுக்கு ஒரு மட்டி வாழைக்குலையும் தோளில் போட ஒரு நேரியலும். அதற்காகப் பேச்சுவார்த்தை நின்றுபோன வீடுகள் உண்டு. மழை விழுந்ததும் வரப்புகளைத் திரும்பப் போட்டுக்கொள்வார்கள்.

குதிரைகள் சுற்றி வருகிற வட்டத்துக்கு நடுவில் கிடந்தது எங்கள் வயல். ஊரே ரோட்டோரம் வீடு கட்டியபோது அப்பா இந்த நடுவயலை மண்ணடித்து மேடாக்கிக் கட்டினார். குதிரை எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜன்னலில் தெரிய வேண்டுமாம். வழிக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டதற்கு, “சுத்தி முழுக்க வழிதானே கெடக்கு” என்றாராம். வரப்பையே வெட்டித் தருகிறவர்களிடம் நடக்க வழி எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார். அந்த வெள்ளை மனதை நினைத்து எனக்குப் பெருமையெல்லாம் வருவதில்லை. கோபம்தான் வருகிறது.

ஆட்டோ வந்தது, வண்டிக் குதிரைகள் போயின, பந்தயம் நின்றது. வயல்கள் வாழைத்தோட்டமாகி, பிறகு மனைகளாகி, மனைக்கு ஒரு மதில் எழும்பியது. கணவர் இறந்தபின் அப்பாவுக்குத் துணையாக நான் வந்தபோது தெற்கே ஒரு மனை மட்டும் திறந்து கிடந்தது. கேஸ் சிலிண்டர் வந்ததும் அம்மாவின் பாடை போனதும் அந்த வழியாகத்தான்.

போன வருஷம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நாற்காலியில் உட்காரவைத்து அந்த மனை வழியாகத் தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அங்கே கல் இறக்கியிருந்தார்கள். டாக்டர் மறுபடி வரச் சொன்ன மாதத்துக்குள் மதில் என் தலைக்கு மேலே போய்விட்டது. கரை வழியாக நாற்காலி போகாது. முதுகில் சுமக்கலாமென்றால் அவருக்கு இடுப்பு மடங்காது. அவர் கட்டிலோடு கிடக்கிறார். அவரை விட்டுவிட்டு நான் கடைக்குப் போனால்கூட ஓட்டமாகத் திரும்பி வர வேண்டும்.

மனைக்காரனைப் பார்க்கப் போனேன். துபாயிலிருந்து திரும்பியவன், என்னைவிட இளையவன், நல்ல மாதிரி. காப்பி தந்தான்.

“ஒரு சின்ன கேட்டு வச்சுத் தா மக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு மட்டும் தொறந்தாப் போரும்.”

“கேட்டு வச்சா அது வழியாயிரும்க்கா. பொறவு எனக்க பிள்ளையளால அடைக்க முடியுமா?” வாசல்வரை கூடவே வந்தான். “ஆனா ஒண்ணு சொல்லுகேன். மாமாவுக்கு ஏதாவது ஆச்சுதுன்னா நானே மதிலை இடிச்சுத் தாறேன். சாவுக்கு வழி மறிக்கிற குடும்பம் இல்ல எங்களுக்கது.”

மனதாரத்தான் சொன்னான். கேள்விப்பட்டவர்களெல்லாம் அவனைப் புகழ்ந்தார்கள். கட்டிய மதிலை இந்தக் காலத்தில் யார் இடிப்பார்கள் என்றார்கள். நானும் தலையாட்டினேன். உயிரோடு இருக்கிறவருக்குத் திறக்காத மதில் அது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். போன காரியம் என்ன ஆயிற்று என்று அவர் விடாமல் கேட்டதும், இருந்த எரிச்சலில் அப்படியே சொல்லிவிட்டேன்.

“இடிச்சுத் தாறேன்னு அவன் வாயால சொன்னானா?”

“சொன்னான்.”

“அப்போ வழி உண்டு” என்று கண்ணை மூடிக்கொண்டார். அதில் கிண்டல் இல்லை. நிம்மதி இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் பாதிக் கஞ்சியோடு போதும் என்றார். பிறகு அதுவும் வேண்டாம் என்றார். வாயில் ருசியில்லை போலும் என்று நினைத்து, நார்த்தங்காய், துவையல், கருவாடு என்று மாற்றி மாற்றி வைத்தேன். நேற்று கரண்டியை வாயருகே கொண்டுபோனபோது என் கையைப் பிடித்துத் தள்ளினார்.

“நான் போனாத்தானே மதிலு இடியும். உனக்கு வெளிய போவாண்டாமா ஏட்டி?”

போக வேண்டும்தான். விடிந்தால் பொழுது அடைந்தால் அந்த நினைப்புதான். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது. வேண்டாமப்பா, எனக்கு ஒரு இடத்துக்கும் போக வேண்டாம் என்று சத்தியம் செய்தேன். கரண்டியை மறுபடியும் வாயருகே கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை.