கிடாய் முட்டாமல் போன வாரம்

வேலையில் சேர்ந்த முதல் நாளே லேப் வாசலில் ஒரு கிடாய் என்னை முட்டித் தள்ளியது. இடுப்பில் குழந்தை. அவளுக்கு அடிபடவில்லை என்று மூன்று முறை பார்த்த பிறகுதான் என் முழங்காலைப் பார்த்தேன். கிடாயின் பெயர் பட்டாளத்தான். வேர் சுத்தம் செய்யும் மாராயக்கா வளர்த்தது.

எங்கள் லேப் வாளையாரில், லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம். அகளிப் பக்கத்து மலையிலிருந்து சர்ப்பகந்தா வேர் மூட்டைகளாக வரும். மனநோயாளிகளின் கொந்தளிப்பைத் தணிக்கும் ஆல்கலாய்டு அதில் இருப்பதை வெளிநாட்டில் அப்போதுதான் பிரித்துக் காட்டியிருந்தார்கள். அதை இங்கேயே எடுத்து மாத்திரையாக்குவது கோயம்புத்தூர் முதலாளியின் ஆசை. நான் எம்.எஸ்ஸி.யில் படித்தது ஆர்கானிக் சின்தெஸிஸ். "வேரே இல்லாம இதை நாமே சின்தெஸிஸ் செய்ய முடியாதுங்களா சார்?" என்று வந்த புதிதில் சீஃப் கெமிஸ்டிடம் கேட்டேன். அவர் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர்.

"முதல்ல வேரிலேர்ந்து எடுத்துக் காட்டுங்கோ. அப்பறம் ஆகாசத்திலேர்ந்து எடுக்கலாம்."

வேரிலிருந்தும் வரவில்லை. வேர்ப்பொடியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடித்து, வேக்குவத்தில் சுண்டக் காய்ச்சினால் கடைசி பிளாஸ்க்கில் மருந்து கிரிஸ்டலாக இறங்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச்சிலும் வெல்லப்பாகு மாதிரி ஒரு பிசின்தான் இறங்கியது. சூடு கூடிவிட்டதோ, குழாயைச் சரியாக மூடவில்லையோ, குழந்தை அழுதபோது என் கவனம் போய்விட்டதோ என்று வீட்டிலும் இதே நினைப்பு.

முதலாளி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வாரம் வருவனுங்க. கிரிஸ்டலக் கண்ணுல காட்டுங்க. இல்லீன்னா இதச் சிமெண்டு குடோனாக்கிப் போடறனுங்க."

கைக்குழந்தையோடு வரும் கெமிஸ்டுக்கு வேறு எந்த லேபும் கதவு திறக்காது. இங்கே மாராயக்கா வேர் சீவும் கொட்டகையில் தூளி கட்டிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். அதனால்தான் எனக்கு வேலை என்று ஒன்று இருந்தது.

சீஃப் சுத்தக்காரர். "மருந்துக்குப் போற வஸ்துவாக்கும். தோலோட உள்ளே விடப்படாது, கேட்டேளா" என்பது அவர் உத்தரவு. சேனைக்கிழங்கைச் சீவுவது போலப் பெண்கள் வேரைச் சீவி, வெள்ளை வெளேரென்று உள்ளே அனுப்புவார்கள். தோல் கொட்டகைக்குப் பின்னால் போகும்.

முதலாளி போன இரண்டாம் நாள் வெளியே வந்தேன். தூளி காலி. என் மகள் தரையில் உட்கார்ந்து பட்டாளத்தானின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். கிடாயோ, கல்யாணச் சாப்பாடு முடித்த மாமனைப் போலக் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது.

"ஏனுங்கம்முணி, எங்கெடாய்க்கு என்னத்தப் பண்ணிப்போட்டீங்க?" என்றாள் மாராயக்கா. "இப்பெல்லாம் ஒருத்தரையும் முட்டறதில்லீங்க. ஊட்டுக்காரரு மேல சாஞ்சு தூங்குதுங்க. அவுரு உங்களத் திட்டறாருங்க."

"என்னங்கக்கா திங்குது?"

"உங்க வேர்த் தோலுதானுங்க. வேறென்னத்த?"

முதலில் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன். விரல்களை முகர்ந்தேன். மறுபடியும் வாயைப் பார்த்தேன். அதன் பிறகுதான் புத்தி வேலை செய்தது. பிளாஸ்க்கில் இல்லாத மருந்து கிடாய்க்குள் இருக்கிறது.

ஒருவேளை கிடாய்க்குச் சீக்கோ? வெயிலோ? தோலைத் தனியாகவும் வெள்ளை வேரைத் தனியாகவும் ஊறவைத்து ஆல்கலாய்டு டெஸ்ட் போட்டேன். மருந்து எவ்வளவு உண்டோ அவ்வளவு திரியும். வெள்ளை வேர் லேசாகக் கலங்கியது. தோல், பால் திரிந்தது போலத் திரிந்தது. டியூபை மாற்றிவிட்டேனோ என்று மறுபடியும் போட்டேன். பிறகும் ஒரு தடவை.

சீஃப் டியூபை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். "அப்போ மருந்தைக் கெடாவுக்குக் குடுத்துட்டு, நாம கட்டையைக் காய்ச்சிண்டிருந்தோமாக்கும்?"

"ஆமாங்க சார்."

"முதலாளி காதுல விழப்படாது, கேட்டேளா."

சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டகைக்குப் பின்னால் கிடாயோடு போட்டி போட்டுத் தோல் பொறுக்கினார். அதைத் தானே கழுவினார். என்னை நம்பவில்லை.

முதலாளி வந்த அன்று, கிரிஸ்டல் இறங்கட்டும் என்று, தோலைக் காய்ச்சிய பிளாஸ்க்கின் உட்புறத்தைக் கண்ணாடிக் குச்சியால் உரசிக்கொண்டிருந்தேன். அடியில் வெள்ளையாய் ஏதோ மினுங்கியது. தூசியா என்று பார்ப்பதற்குள் அது பெருகியது. கிரிஸ்டல்!

அதே நேரம் வாசலில் ஓர் அலறல். தோல் கிடைக்காமல் பட்டாளத்தானுக்குப் பழைய வீரம் திரும்பியிருந்தது. முதலாளி குடையோடு மண்ணில் உட்கார்ந்திருந்தார். கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து பிளாஸ்க்கைக் காட்டினோம். இடுப்பைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

"நல்லதுங்க. மாத்திரை ஆனதீம் முதல்ல அந்தக் கெடாய்க்குக் குடுங்க."

"அதுக்குக் குடுத்துப் பாத்துத்தானுங்க இவிய கண்டே புடிச்சாங்க" என்றாள் வாசலில் நின்ற மாராயக்கா.

சீஃப் இருமினார். நான் தரையைப் பார்த்தேன்.

முதலாளியின் முகம் மலர்ந்தது. "அடேங்கப்பா! ஆட்டுக்குக் குடுத்து டெஸ்ட்டே பண்ணிப் போட்டீங்களா?"

"அனிமல் டெஸ்டாக்கும்" என்றார் சீஃப், நிமிர்ந்து.

குடோன் பேச்சு அதோடு நின்றது. தூளியும் கொட்டகையில் அப்படியே இருந்தது.

புதிதாக லேபுக்கு வரும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். உள்ளே எடுப்பதை எல்லோரும் டெஸ்ட் செய்வார்கள். வெளியே கொட்டுவதையும் செய்யுங்கள். நான் இப்போதும் செய்கிறேன், இரண்டு தடவை. பிறகு வெளியே போய்க் கிடாயையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன். முட்ட வந்தால்தான் எனக்கு நிம்மதி.