கரையான் தின்ற முதல் பக்கம்

அந்தப் பழைய பள்ளிக்கூடத்து ஆபீசில் இருந்த கிளார்க்கம்மாவை எல்லாரும் 'சரிபார்ப்பம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்துபோயிருக்கும். எதையும் இரண்டு தடவை எண்ணாமல் விடமாட்டாள். பீரோவைப் பூட்டிவிட்டு வந்து உட்காருவாள். பூட்டினோமா என்று மறுபடி எழுந்து போவாள். "கால்ல சக்கரமா கட்டியிருக்கீங்க?" என்று தலைமையாசிரியை கேலி செய்வார்.

நல்ல பழக்கம்தானே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அது பயம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பள்ளியின் முதல் சேர்க்கைப் பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது. பார்த்து நகல் எடுக்கச் சொன்னார்கள். எழுதி முடித்ததும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம் பழசை எரித்துவிடுவார்கள். அங்கே முறை அப்படி. ஆனால் கட்டடம் திறந்த வருஷத்தைச் சொல்லும் முதல் பக்கம் பொடிப்பொடியாகக் கிடந்தது. அப்போதைய ஹெட்மாஸ்டரிடம் ஓடினாள்.

"சார், முதல் பக்கமே இல்ல. என்ன வருஷம் போடறது?"

"ஏதாவது போடும்மா. எவன் வந்து கேக்கப் போறான்?"

குத்துமதிப்பாக ஒரு வருஷத்தைப் போட்டாள். கையெழுத்தும் போட்டாள். கொல்லையில் பழசு எரிந்து சாம்பலாகும்வரை நகராமல் நின்றாள். அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த எண்ணுகிற வியாதி.

ரிட்டயராக எட்டு மாசம் இருக்கும்போது எவனோ வந்து கேட்டேவிட்டான். கட்டடத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்தம் கட்ட நகராட்சி முடிவு செய்திருந்தது. நூறு வருஷம் தாண்டிய கட்டடமென்றால் கை வைக்கக் கூடாது என்று சட்டம். வயசை விசாரிக்க ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. அவள் போட்ட வருஷப்படி நூற்றிரண்டு. நிஜத்தில் தொண்ணூறா, நூற்றிருபதா, கடவுளுக்கே வெளிச்சம்.

ஊர் கவலையில்லாமல் இருந்தது. அதுதான் பதிவேடு இருக்கிறதே! அவள் மட்டும் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வெள்ளம் வந்தபோது ஊர் ஜனம் ஏறிப் படுத்த மாடி அறை. விஷக்காய்ச்சல் வருஷத்தில் ஆஸ்பத்திரியாக இருந்த பெரிய கூடம். மூன்று தலைமுறை காம்பஸ் முனையால் கிறுக்கி வைத்த பெஞ்சுகள். புல்டோசருக்கு இதெல்லாம் ஒரு மத்தியான வேலை. வீட்டிலும் அதே நடைதான்.

"அம்மா, நீ நடக்கிறதைப் பாத்து எனக்குக் கால் வலிக்குது. சாப்பாட்டையாவது உக்காந்து சாப்பிடேன்" என்றாள் மகள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பாள். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிடுவாள்.

விசாரணை அன்று, தலைமையாசிரியை பக்கத்தில் நிற்க, அதிகாரி நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"உங்க கையெழுத்துதானா? வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாத்தீங்களா?"

அவள் பக்கத்தைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமா சார்" என்றாள்.

கட்டடம் பிழைத்தது. அந்த வருஷத்தைக் கல்லில் வெட்டி வாசலில் பதித்தார்கள். தினமும் அதைத் தாண்டித்தான் அவள் உள்ளே போக வேண்டும். தூக்கம் போயிற்று, இருந்த கொஞ்சநஞ்சப் பசியும் போயிற்று.

பிரிவு உபசார நாளில் பெரிய கூடத்தில் எள் போட இடமில்லை. "இந்தச் சுவர் இன்னைக்கு நிக்குதுன்னா, இவங்க ஒப்பிட்டுப் போட்ட அந்த ஒத்தைக் கையெழுத்தாலதான்" என்றார் தலைமையாசிரியை. கைதட்டல் ஓயவில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்காத குறைதான்.

"நான் ஒப்பிடவே இல்ல. முதல் பக்கமே கிடையாது. அந்த வருஷம் நானா போட்டது."

கூடமே அதிரச் சிரித்தார்கள். சரிபார்ப்பம்மாவாவது, ஒப்பிடாமல் விடுவதாவது! போகிற நாளில் என்ன தமாஷ்!

"ஐயோ, சத்தியமா சொல்றேன்" என்றாள். இன்னும் சிரித்தார்கள்.

தலைமையாசிரியை அவளைக் கட்டிக்கொள்வதுபோல் நெருங்கிக் காதருகே குனிந்தார். "போதும், விடுங்க. விசாரணையில பக்கத்தை ஒரு தடவைகூடப் பாக்காம நீங்க ஆமான்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும்."

ஆறுதலாகத்தானே இருந்திருக்க வேண்டும்? அவளுக்கு ஆத்திரம்தான் பொங்கியது.

"அடுத்த ரூம்லயே உக்காந்துகிட்டு, இத்தனை மாசம் ஒரு வார்த்தை சொல்லலியே?"

"சொல்லியிருந்தா மறுநாளே போய் உண்மையைச் சொல்லியிருப்பீங்களே" என்றார் தலைமையாசிரியை. சொல்லிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து மறுபடி கைதட்ட ஆரம்பித்தார்.