பிஜாமா சாப்பிடாத குளிர்காலம்

கையில்லை, தட்டைத் தள்ளிவிடும். இமையில்லை, உறங்கும். காதில்லை, காலடி அதிர்ந்ததும் தலையை ஒளிக்கும். அது என்ன?

பாம்பு. அதிலும், பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சின்ன மலைப்பாம்பு. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் பாம்புப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. மீன் வாங்க வருகிறவர்கள் நிறம் கேட்பார்கள். கிளி வாங்க வருகிறவர்கள் பேசுமா என்பார்கள். பாம்பு வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து ஒன்றைத்தான் கேட்பார்கள்: ஏன் சாப்பிடுதில்லை? வாயை இறுக மூடிக்கொண்ட ஒரு பிள்ளைக்கு முன்னால் சோற்றுக் கோப்பையோடு நின்றிருக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பாம்புப் பகுதியில் எப்போதும் மங்கலான சிவப்பு வெளிச்சம். வெளியே பனி கொட்டும்போது அங்கே நிற்பது, வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். அந்த வெளிச்சத்துக்குள்தான் தை மாதக் கடைசியில், எங்களிடம் பாம்பு வாங்கிப்போயிருந்த அன்ரன் அண்ணை மகளோடு வந்தார்.

பெரிய வீடு

மகள் மெலனிக்கு ஒன்பது வயது. நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாகக் கிடைத்த பாம்புக்குப் பிஜாமா என்று பெயர் வைத்திருந்தாள். தகப்பனுடைய பழைய பிஜாமாவின் மண்ணிறமும் மஞ்சளும் அப்படியே அதன் முதுகில் இருந்தனவாம். வந்து ஐந்து வாரம், ஒன்றும் தின்னவில்லை. அன்ரன் அண்ணை ஒரு முடிவோடு வந்திருந்தார். பனி கரைவதற்குள் சாப்பிடாவிட்டால் பாம்பைக் கடையிலேயே விட்டுவிடுவது. "பட்டினி கிடந்து சாகிறதைப் பிள்ளை பார்க்கக் கூடாது, தங்கச்சி" என்றார். மெலனி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாரம் ஒருமுறை பாம்பை எடைபார்த்து ஒரு கொப்பியில் எழுதச் சொன்னேன். எடை அவ்வளவாக இறங்காதவரை காத்திருக்கலாம். இறங்கினால் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். பிறகு தொட்டியைப் பற்றிக் கேட்டேன். இருந்ததிலேயே பெரிய கண்ணாடித் தொட்டி. தாராளமாக ஓடித் திரியட்டும் என்று உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. பாம்புக்கு அது வீடாகத் தெரியாது, வெட்டவெளியாகத் தெரியும். ஒளிக்க இடமில்லாதபோது அதற்குப் பசி வராது. உடம்பு நெருக்கமாக முட்டும்படி இரண்டு சின்னப் பொந்துகள் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. வாசல் வெட்டிய இரண்டு மண்சட்டிகளைக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒன்றைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நாங்கள் இஞ்ச வந்த புதிசில ஏழு பேர் ஒரு அறையில கிடந்தனாங்கள். இதுவும் அதைத்தான் கேக்குதெண்டா, நான் என்னத்தைச் சொல்ல."

கழுவின எலி

பொந்துக்குள் போன பாம்பு வெளியே வந்தது. எலியைப் பார்த்தது. மறுபடி உள்ளே போய்விட்டது. இந்தச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னவர் மெலனியின் தாய் ரஞ்சி அக்கா. கடையிலிருந்து கொண்டுபோகும் எலி உறைந்திருக்கும். அதைப் பையோடு சுடுதண்ணீரில் வைத்து உயிர்ச்சூடு வரச்செய்து, நீண்ட இடுக்கியால் நீட்ட வேண்டும். எல்லாம் சரியாகச் செய்ததாகச் சொன்னார். முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன்.

"முதல் ஐஸ் விடவிட்டன். பேந்து மஞ்சள் போட்டு ரெண்டு தரம் அலசினன். பேந்து சுடுதண்ணி."

பாம்பு இரையைக் கண்டுபிடிப்பது மணத்தாலும் சூட்டாலும். நாக்கை நீட்டி நீட்டி அது தேடியது எலியை. கிடைத்தது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குசினியின் சமையல் மணம். கழுவ வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னேன். மறுமுனையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

"கழுவாத இறைச்சி இந்த வீட்டில இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. சரி, உம்மட பேச்சுக்காகச் செய்யிறன்."

கண் மங்கிய வாரம்

கழுவாத எலியையும் தொடாத பிஜாமாவின் கண்கள் மாசியில் நீலம் கலந்த பால்நிறமாயின. குருடாகிவிட்டது என்று மெலனி பள்ளிக்கூடப் பையோடு ஓடி வந்தாள். தோல் கழற்றப்போகிறது, அந்த நாட்களில் சாப்பிடாது, தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துவிட்டுச் சும்மா இரு என்று அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் அந்தத் தோலைக் கொண்டுவந்தாள். இருவரும் மேசையில் விரித்தோம். வாலிலிருந்து தலைவரை முழுதாக ஒரே தோல், மூச்சுப் பட்டாலே எழும்பும் அளவு மெல்லிசு. சிவப்பு வெளிச்சம் அதன் ஊடாக வந்து மேசையில் செதில் செதிலாக விழுந்தது. கொஞ்சநேரம் நாங்கள் இரண்டு பேரும் கடையில் இல்லை. தலைப்பக்கம் இரண்டு சின்ன வட்டக் கண்ணாடிகள்போல இருந்தன. அவை என்ன என்று அவளே கண்டுபிடித்தாள்.

"அன்ரி, இது கண்ணுக்கும் உடுப்புப் போட்டிருந்திருக்கு."

மூடியைத் திறந்தவர்கள்

பங்குனியிலும் கொப்பியில் எடை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது, வைத்தியரிடம் போகும் அளவுக்கு இல்லை. பொந்து சரி, சூடு சரி, எலி சரி, தோல் கழன்றாயிற்று. வேறு என்ன என்று பார்க்க ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டுக்கே போனேன்.

கூடம் நிறைய ஆட்கள். பூசை முடிந்து வந்தவர்கள், ஒரு கையில் தேத்தண்ணி, மறுகையில் ரோல்ஸ். வாசலுக்கு நேரே, ரீவிக்குப் பக்கத்தில் தொட்டி. உள்ளே வருகிற ஒவ்வொருவரும் சப்பாத்தைக் கழற்றி, "எப்பிடிச் சுகம்" கேட்டு, நேரே போய்த் தொட்டியின் மூடியைத் தூக்கி, "சாப்பிட்டதோ?" என்றார்கள். நோயாளி வீட்டில் கேட்காமல் இருந்தால் மரியாதையா? சிலர் சட்டியையும் தூக்கிப் பார்த்தார்கள். இதை நிறுத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போன நானும் முதல்வேலையாக மூடியைத் தூக்கினேன். அது கையில் இருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

வந்தவர்கள் திறப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற ஆறு நாளும் யார் திறக்கிறார்கள் என்று மெலனியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் விரலை மடித்து நேர்மையாகச் சொன்னாள்.

"நான் கனதரம் திறக்கிறேல்லை அன்ரி. école முடிஞ்சு வந்து பள்ளிக்கூடப் பையை வைச்ச உடன ஒருக்கா, படுக்கிறதுக்கு முன்னம் ஒருக்கா. இடையில, சும்மா, அது அழுதுகொண்டிருக்கோ எண்டு பாக்க."

இரண்டு இடம்

பிஜாமாவைக் கடையின் பின்னறைக்குக் கொண்டுவந்தேன். தொட்டியைச் சுற்றித் துணியால் மூடினேன். ஒரு வாரம் நானும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒரு மாலை எலியை உள்ளே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் எலி இல்லை. பத்து நாள் கழித்து வைத்த எலியும் காலையில் இல்லை.

சித்திரை வந்திருந்தது. நடைபாதை ஓரத்தில் கறுத்த பனி கொஞ்சம்தான் மிச்சம். அன்ரன் அண்ணையும் மெலனியும் வந்தார்கள். எங்கள் கடையில் சூட்டுவிளக்கு முதல் சட்டிவரை எல்லாம் இருந்தது; சும்மா இருப்பதை மட்டும் பெட்டியில் போட்டு விற்க வழியில்லை. அதனால் வாயால் சொன்னேன்.

பாம்பு இந்த அறைக்குப் பழகிவிட்டது. இங்கேயே விட்டால் சாப்பிடும். முதலாளியிடம் கேட்டாயிற்று, வேறு யாருக்கும் விற்க மாட்டோம். மெலனி சனிக்கிழமைதோறும் வந்து மடியில் வைத்திருக்கலாம். ஆனால் அது கடையின் பாம்பு. வீட்டுக்குக் கொண்டுபோனால் அவளுடைய பாம்பு. மறுபடி புது இடம் என்பதால் முதலிலிருந்து பழக வேண்டும். வீட்டில் குளிர்கோட்டுகள் தொங்கிய அலுமாரி இப்போது காலி. அதற்குள் தொட்டியை வைத்து, கோடை முடியும்வரை கதவைச் சாத்தியே வைக்க வேண்டும். தண்ணீர், எலி, வாரம் ஒருதரம் நிறுப்பது. அவ்வளவுதான். மற்றபடி பார்க்கவும் கூடாது, தூக்கவும் கூடாது, விருந்தாளிக்குக் காட்டவும் கூடாது.

அன்ரன் அண்ணை என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "சாப்பிட்டிட்டுது, இனி நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீயே சொல்லு, பிள்ளை" என்றார்.

மெலனி துணியை விலக்காமல் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

அலுமாரி என்று சொன்னாள்.