சுவரைப் பார்த்த நாற்காலி

சங்கம் என்றால் கொல்கத்தாவில் வளர்ந்தவனுக்கு ஊர்வலம்தான் ஞாபகம் வரும். என் அப்பா வங்கி அதிகாரி. அவருடைய சங்கம் கூடினால் கொடி பறக்கும், பஸ் நிற்கும், சாயங்காலம் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வருவார். நான் இயற்பியல் வாத்தியாராக இருக்கும் சர்வதேசப் பள்ளிக்கும் ஒரு சங்கம் உண்டு. எங்களைப் போன்ற பள்ளிகளின் ஆசிரியர்களைக் கைதூக்கிவிடுவதற்கென்றே ஏற்பட்டது. அது கூடினால் முதலில் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொல்வார்கள். அப்புறம் அந்த நேரத்து உணர்வை வண்ணக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். ஒருமுறை நான் 'பசி' என்று எழுதி ஒட்டினேன். போய்ப் பார்த்தால் அதன் கீழே நிறையப் பேர் டிக் போட்டிருந்தார்கள்.

பாலிகஞ்சில் இருக்கும் எங்கள் பள்ளியில் சர்வதேசம் என்பது வாசலில் பறக்கும் கொடிகளோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளில் மிகத் தொலைவிலிருந்து வருபவன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஹவுராக்காரன். ஆனால் பேச்சு மட்டும் உலகத்தரம். இங்கே வகுப்பறை கிடையாது, கற்றல் வெளிதான். யாரும் ஃபெயில் ஆவதில்லை, 'இன்னும் எட்டவில்லை', அவ்வளவுதான். வாத்தியாரும் வாத்தியார் இல்லை, வழிநடத்துபவர். வழிநடத்துபவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இதில் சொல்லாமல் விளங்கும் விஷயம். எனக்கு மட்டும் விளங்கவில்லை.

எங்கள் ஒப்பந்தம் வருஷத்துக்கு வருஷம் புதுப்பிக்கப்படுவது. அந்த மார்ச்சில் முதல்வர் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல சேதி என்றால் நின்றபடியே சொல்லிவிடுவார்.

"உங்க வகுப்பைத் தாண்டிப் போறப்பல்லாம் ஒரே ஒரு குரல்தான் கேக்குது ஸார். அது பிள்ளைங்க குரலா இல்லை."

"சில சமயம் அவங்க இருமுவாங்க மேடம்" என்றேன். இந்த மாதிரி இடங்களில் எனக்கு நகைச்சுவை தானாக ஊறும்.

அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை சங்கக் கூட்டம் எங்கள் பள்ளியிலேயே நடக்கிறது, அதில் என் வகுப்பு ஒன்றைப் படம்பிடித்துக் காட்ட வேண்டும், குழு என்ன சொல்கிறதென்று கேட்ட பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

சங்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வகுப்பின் படத்தைப் போட்டுக்காட்டியதும் அந்த ஆசிரியர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாதது போல அவரைப் பற்றிப் பேசுவார்கள். மணி அடிக்கும்வரை அவர் திரும்பக் கூடாது, பேசக் கூடாது. தனக்காக வாதாடாமல் காதுகொடுத்துக் கேட்கப் பழகவேண்டுமாம். நம் கருமாதிக்கு நாமே போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பது போன்ற ஏற்பாடு.

வீட்டில் சொன்னேன். என் மனைவி திருநெல்வேலிக்காரி, நீட்டி முழக்க மாட்டாள். "சுவரைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கணும், அவ்வளவுதானே? உங்களுக்கு வேற வேலை தேடிக்கிடறது சுலபம்" என்றாள்.

சனிக்கிழமை நூலகத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். கூட்டத்தை நடத்தியவர் வேறொரு பள்ளியின் ஆங்கில ஆசிரியை, கையில் பூஜை மணி மாதிரி ஒரு குட்டி மணி. இன்னொரு பள்ளியிலிருந்து நரைத்த தாடியோடு ஒரு வரலாற்று ஆசிரியர் வந்திருந்தார். எல்லோருக்கும் மூத்தவர், எல்லோருக்கும் தாதா. இங்கே தாதா என்றால் அண்ணன். என் மாமனார் முதன்முதலாக இந்த ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தாதா என்று கூப்பிட்டதைக் கேட்டு, பெண்ணை எங்கே கொடுத்துவிட்டோம் என்று ஒருநாள் முழுக்கக் கவலைப்பட்டார். எங்கள் பள்ளியிலிருந்து எனக்குத் துணையாக வந்தவர் ஓவிய ஆசிரியை. அவரை நான் தீதி என்பேன், அக்கா என்று அர்த்தம். என் வகுப்பைத் தன் போனில் படம்பிடித்தவரும் அவர்தான். மற்ற நாலைந்து பேரும் மொழியும் பூகோளமும் சொல்லிக்கொடுப்பவர்கள். அறிவியல் மருந்துக்கும் இல்லை. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

படத்தில் நானும் பிள்ளைகளும் இரண்டாம் மாடி வராந்தாவில் நிற்கிறோம். ஒரு பையன் கிரிக்கெட் பந்தையும் அதே அளவுள்ள ரப்பர் பந்தையும் ஒன்றாகக் கீழே போடுகிறான். இரண்டும் சேர்ந்தாற்போல் தரையில் விழுகின்றன. பிள்ளைகள் குதிக்கிறார்கள், அவர்களைவிட உயரமாக நான் குதிக்கிறேன். படம் முடிந்தது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். முகத்துக்கு நேரே சங்கத்தின் வண்ணக் காகிதங்கள்.

கொஞ்ச நேரம் எல்லாம் இதமாகத்தான் போயிற்று. பிள்ளைகளிடம் உற்சாகம் இருக்கிறது என்றார்கள். பிறகு தாதா தொண்டையைச் செருமினார். வங்க மொழியில்தான் பேசினார். நடுநடுவே ஆங்கிலம்.

"எனக்கு ஒண்ணுதான் வருத்தம். சோதனை தோத்துப்போச்சு. கனமான பந்துதானே முதல்ல விழணும்? ரெண்டும் ஒண்ணா விழுந்திருக்கு. அந்தப் பையன் சரியா விடலை. அதை இந்த மனுஷர் கவனிக்கக்கூட இல்லை, சந்தோஷமாக் குதிக்கிறார்."

"ஆமா, எனக்கும் ஏதோ இடிச்சுது" என்றது ஒரு குரல்.

"பிள்ளைங்க தப்பாக் கத்துக்கிட்டுப் போயிருக்கும். அறிக்கையில அவசியம் எழுதணும்."

அந்த அறிக்கை முதல்வர் கைக்குப் போகும். இயற்பியல் வாத்தியாருக்கு இயற்பியல் தெரியவில்லை என்று சங்கமே எழுதிக்கொடுக்கும். பேசினால், குழு நடுவில்கூட வாயை மூடத் தெரியாதவன் என்று அதே அறிக்கையில் எழுதுவார்கள். எப்படியும் வேலைக்கு வேட்டு. கனம் வேறு வேகம் வேறு என்கிற வாக்கியம் முழுதாக நாக்கு நுனிக்கு வந்து பல்லில் முட்டியது.

பேசக் கூடாது, திரும்பக் கூடாது. வேறு எதுவும் செய்யக் கூடாதென்று விதி சொல்லவில்லை. சட்டைப்பையில் ஒரு அழிரப்பர், பேண்ட் பையில் வீட்டுச் சாவிக் கொத்து. இரண்டையும் தோள் உயரத்துக்குத் தூக்கி ஒன்றாக விட்டேன். 'டக்' என்று ஒரே சத்தம்.

யாரோ எழுந்து வந்து, சாவியையும் ரப்பரையும் பொறுக்கி என் கையில் வைத்து, தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பாவம், கை நடுங்குது. நாம கொஞ்சம் மென்மையாப் பேசலாம்" என்றார் ஆங்கில ஆசிரியை.

இன்னும் பெரிதாகச் செய்தால்தான் உறைக்கும் என்று ஒரு ஷூவைக் கழற்றினேன். அதையும் ரப்பரையும் தூக்கிப் பிடித்து விட்டேன்.

"என்ன இது, செருப்பைக் கழட்டறார்? கோபமா?" தாதாவின் நாற்காலி பின்னால் நகரும் ஓசை கேட்டது.

தீதிதான் காப்பாற்றினார். "கோபமில்லை தாதா. ரெண்டு தடவையும் ரெண்டு சாமானை ஒண்ணாப் போட்டார். ஒரே சத்தம்தானே வந்துது?"

"தற்செயல்."

"அப்ப நீங்க போட்டுப் பாருங்க."

வங்காளிகள் நாலுபேர் நடுவில் ஒரு சந்தேகத்தை வைத்துவிட்டால் போதும், அன்றைக்கு வேறு வேலை நடக்காது. எனக்குக் கேட்டதெல்லாம் சத்தம் மட்டும். என் ஷூவை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள். 'டக்'. மூக்குக்கண்ணாடிக் கூடும் அகராதியும். 'டக்'. "நீங்க முன்னாடியே விட்டீங்க." "நானா? உங்க கைதான் கோணல்." யாரோ நாற்காலிமேல் ஏறினார்கள், யாரோ அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு தாதாவின் குரல் வெற்றியோடு எழுந்தது. "இந்தக் காகிதத்தைப் பாருங்க. மிதந்துக்கிட்டு வருது. புத்தகம் எப்பவோ விழுந்தாச்சு. நான் சொன்னேனா இல்லையா?"

எனக்கு உயிர் போய் வந்தது. நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன். கசக்கிப் போடுங்கள், யாராவது அதைக் கசக்கிப் போடுங்கள் என்று காளிகாட் அம்மனை வேண்டிக்கொண்டேன்.

பிறகு காகிதம் கசங்கும் ஒலி. அவ்வளவு இனிமையான ஒலியை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. கெட்டியாக, நிதானமாக உருட்டினார்கள். பிறகு விட்டார்கள்.

"கிட்டத்தட்ட ஒண்ணாத்தான்" என்றார் தீதி.

"காகிதம் அதேதான்" என்று தாதா மெதுவாகச் சொன்னார், தனக்குத்தானே. "கனம் மாறலை. அப்ப முன்னாடி காத்துதான் தகராறு பண்ணியிருக்கு. அந்தப் பையன் சரியாத்தான் விட்டிருக்கான்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முதல்வர் அம்மா. அவர் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று பின்னால் தீதி சொல்லித்தான் தெரியும். மணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாற்காலிமேல் நிற்கும் ஆங்கில ஆசிரியை. தரையெல்லாம் புத்தகம். தாடியைத் தடவிக்கொண்டு என் ஷூவை ஏந்தி நிற்கும் தாதா. மூலையில் ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நான்.

"இதையெல்லாம் யார் வழிநடத்தறது?"

"அவர்தான்" என்று ஆங்கில ஆசிரியை என் முதுகைக் காட்டினாராம். "ஒரு வார்த்தை பேசலை."

மணி அடித்தது. திரும்பினேன். இனி நான் பதில் சொல்லலாம், நேரம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஈர்ப்பு, முடுக்கம், காற்றின் தடை எல்லாம் உள்ளே வரிசையில் நின்று முண்டின. தீதி என்னைப் பார்த்தார், என் மனைவி பார்ப்பது போலவே.

"நன்றி" என்றேன். பிரசவ வலி எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து எனக்கு ஓரளவு தெரியும்.

ஷூவை மாட்டிக்கொண்டதும் முதல்வர் தன் அறைக்கு வரச் சொன்னார். ஆங்கில ஆசிரியையும் தீதியும் கூடவே வந்தார்கள். மேஜைமேல் என் ஒப்பந்தம். பேனாவைத் திறந்தார்.

"ஸார், அடுத்த கூட்டத்துல நீங்கதான் பேசணும்" என்றார் ஆங்கில ஆசிரியை. "வகுப்பில் மௌனம்ங்கிற தலைப்பு. உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?"

"சுருக்கமாச் சொன்னாலே ரெண்டு மணி நேரமாவது" என்று ஆரம்பித்தேன்.

முதல்வரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. மேஜைக்கடியில் தீதி என் காலை அழுத்தி மிதித்தார்.

"பத்து நிமிஷம் போதும்" என்றேன்.

கையெழுத்து விழுந்தது.