சாலையில் படுத்துவிட்ட காளை

பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவன் நான். ஆனாலும் ஜப்பான்காரன் எங்களை ஆண்ட காலத்தில், பெட்ரோல் இல்லாமல் லோரிகள் முடங்கியபோது, கிள்ளானில் என் மாட்டு வண்டிதான் ராஜா.

ஒருநாள் ஜெஞ்சாரோமிலிருந்து மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளை அளவுக்கு மீறி ஏற்றி வந்தேன். பாதி வழியில் காளை நுரை தள்ளிப் படுத்துவிட்டது. சாட்டையை ஓங்கினேன்.

சாலையோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி கத்தினாள்: "அடிச்சா செத்துடும்லா அண்ணே! அவ்வளவு பலம் இருந்தா ஒரு மூட்டையத் தூக்கிட்டு நீங்க நடங்க பார்ப்போம்!"

ரோஷத்தில் தூக்கினேன். கொஞ்ச தூரத்துக்கு மேல் ஓரடிகூட வைக்க முடியவில்லை. மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து காளையை அவிழ்த்துவிட்டேன். அவள் தண்ணீர் காட்டினாள்.

வெகுநேரம் கழித்துக் காளை எழுந்து, உடம்பை உலுக்கி, சாணி போட்டது. நடுரோட்டில் சிரித்துக்கொண்டே அழுதேன்.

பாதி மூட்டைகளை அவள் வீட்டில் இறக்கிவிட்டு, காளையை மறுபடி வண்டியில் பூட்டி, நான் ஏறாமல் அதோடு கிள்ளான்வரை நடந்தேன். நல்லவேளை, அந்தச் சாட்டை இறங்கவில்லை.