மருமகனின் காரும் நெல் காயப்போட்ட படங்கும்

போன வருஷம் சிறுபோக வெட்டு முடிந்து, கச்சான் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த நாட்களில், நிந்தவூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் தொடங்கிய சங்கதி இது. இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறேன். அப்போது எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

மகளுக்குக் கல்யாணம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி வந்த மருமகனோடு மாமியார் முகம் கொடுத்துக் கதைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவர் விறாந்தையில் இருந்தால் நான் குசினியில். அவருக்குத் தேத்தண்ணி வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார், மகள் வந்து என்னிடம் சொல்வாள். சந்தையில் மீன்காரனோடு வாய் காட்டி ஜெயிக்கிற நான், அந்த ஒரு மனிசனுக்கு முன்னால் மட்டும் ஊமை. என் உம்மாவும் அப்படித்தான் இருந்தா, நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

மருமகன் வரும்போது ஒரு கறுப்புக் காரும் கூடவே வந்தது. அது பல வருஷம் உழைத்து அவர் வாங்கியது. வாகன இறக்குமதி நின்றுபோய், பழைய கார்களே பவுன் மாதிரி ஆகிவிட்ட காலம் வேறு. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆவுக்குப் போகுமுன் அவரே அதைக் கழுவுவார். இரண்டு வாளி, பஞ்சு மாதிரித் துணி, ஆளை அண்ட விடமாட்டார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரியல்லவா குளிப்பாட்டுகிறார் என்று குசினி ஜன்னலால் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

கந்தோர் வேலையில் ஒரு வாரப் பயிற்சிக்காக அவர் கொழும்புக்குப் போனார். கார் முற்றத்தில் நின்றது. வெயில் ஒரு பக்கம், காற்றில் வருகிற மணல் ஒரு பக்கம். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் கேட்கவில்லை.

“இஞ்சேருங்க, மருமகன்ட கார் வெயில்ல காயுது. எதையாவது போட்டு மூடுங்களன்” என்று என் மாப்பிள்ளையிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கணவரையும் மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம்.

என் மாப்பிள்ளை வயல் செய்கிறவர். மூடுவதென்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அன்று காலையில் நெல் காயப்போட்டு அள்ளிய பெரிய படங்கு, தார்ப்பாய். அதை இரண்டு உதறு உதறிக் காருக்கு மேலே விரித்தார். மூலைகளில் இருந்த இரும்பு வளையங்களில் கயிறு போட்டுத் தென்னையிலும் மதில் கம்பியிலும் இழுத்துக் கட்டினார். ஒரு பக்கத்தை நானே பிடித்துக் கொடுத்தேன். மருமகன் வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று இருவரும் பெருமையாகப் பேசிக்கொண்டோம்.

அந்த வாரம் முழுக்கக் காற்று நிற்கவேயில்லை. படங்கு படபடவென்று அடித்துக்கொண்டே கிடந்தது. அவர் வருவதற்கு முதல் நாள் காலையில், கார் சுத்தமாக இருக்கட்டும் என்று படங்கைக் கழற்றினோம். யா அல்லாஹ்! வெயில் வெளிச்சத்தில் பார்த்த இடமெல்லாம் சிலந்தி வலை பின்னின மாதிரிக் கீறல். கம்பிச் சுருள் போட்டுத் தேய்த்த அலுமினியச் சட்டி எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தக் கறுப்புக் கார். நெல்லின் சுணை உடம்பில் பட்டாலே நாங்கள் கிடந்து சொறிகிறோம். உமியும் மணலும் ஒட்டியிருந்த படங்கு காற்றில் தேய்த்தால் கார் என்னத்துக்கு ஆகும்? அந்தப் புத்தி அப்போதுதான் வந்தது.

மகள் வாயில் கை வைத்தபடி நின்றாள். எங்கள் இருவருக்கும் சண்டை பிடித்துக்கொண்டது. மூடச் சொன்னது நீ என்றார் அவர். நெல்லுப் படங்கால் மூடச் சொன்னேனா என்றேன் நான். சண்டை பிடித்து என்ன காண? அந்த மனிசன் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் ஆசையாக வைத்திருந்த ஒரே பொருளை நாசமாக்கி வைத்திருக்கிறோம். இனி அவர் இந்த முற்றத்தில் கால் வைக்கும்போது முகம் எப்படி இருக்கும்? அவர் கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டால் என் பிள்ளையின் வாழ்க்கை என்னாகும்?

அதற்குள் எனக்கு ஒரு யோசனை. துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பொனட்டில் தேய்த்தேன். மாஷா அல்லாஹ், கீறல் ஒன்றையும் காணோம்! பெருமையோடு மகளைப் பார்த்தேன். அவள் ஒரு கோப்பையில் சவர்க்காரத் தண்ணி கொண்டுவந்து ஊற்றிக் கழுவினாள். எல்லாக் கீறலும் திரும்ப வந்து பல்லைக் காட்டின.

மகள் காரோட்டுவாள். கல்முனையில் மெஷின் போட்டு பொலிஷ் பண்ணுகிற கராஜ் ஒன்றுக்கு அவளே காரைக் கொண்டு போனாள், நாங்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டோம். பாண்டிருப்பு ஊர்த் தம்பி ஒருவர்தான் அதை நடத்துகிறார். வேலை நெருக்கத்தில் இருந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். டோர்ச் லைட்டை அடித்து அடித்துப் பார்த்தார்.

“எதாலம்மா தேய்ச்ச நீங்க?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயம்.

“எடுக்கலாம். ஆனா சொந்தக்காரர் யாரு? அவரோட கதைக்காம நான் மெஷின் வைக்கமாட்டன்.”

நான் கெஞ்சிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. பொலிஷ் என்றால் எதையோ பூசி மறைக்கிற வேலையென்று நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். பெயின்டுக்கு மேலே மெல்லிய கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது, கீறலின் அடிமட்டம் வரைக்கும் அதைத் தேய்த்து எடுக்கிற வேலையாம் இது. முன்னமே எங்காவது தேய்த்திருந்தால் அந்த இடம் மெலிந்திருக்கும், தெரியாமல் மெஷின் வைத்தால் பெயின்டே எரிந்துபோகும் என்றார்.

யார் போன் எடுப்பது? மகள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். என் மாப்பிள்ளை, “லுஹர் தொழுகைக்கு நேரமாகுது” என்று தொப்பியைத் தேடினார். லுஹருக்கு எவ்வளவோ நேரம் கிடந்தது! பிஸ்மி சொல்லிவிட்டு நானே போனை வாங்கினேன்.

ஸலாம் சொன்னேன். “மருமகன், நான் மாமி கதைக்கிறன்” என்றேன். அதற்குப் பிறகு எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. படங்கு, காற்று, எண்ணெய் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது.

“நெல்லுக் காயப்போட்ட படங்காலயா மாமி?”

“ஓம் மகன்.”

ஒரு பெருமூச்சு கேட்டது. கோபம்தான், எனக்குத் தெரியாதா? போனைக் கராஜ் தம்பியிடம் கொடுக்கச் சொன்னார். இடது பக்கக் கதவு ஒருமுறை திரும்பப் பெயின்ட் அடித்தது, அங்கே அழுத்த வேண்டாம் என்று விளக்கினார். பிறகு என்னிடம், “மாமி, நீங்க அதிலயே நில்லுங்க. வீடியோ கோல்ல எனக்குக் காட்டுங்க” என்றார்.

இப்படியாக, கதவுக்குப் பின்னால் நிற்கிற மாமியாரான நான் கராஜின் நடுவில் நின்று மருமகனுக்குப் படம் காட்டத் தொடங்கினேன். தம்பி ரப்பர் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டி, பொலிஷ் மருந்தைத் தடவி, மெஷினை மெதுவாக ஓடவிட்டார். பொனட்டில் பாதி முடிந்ததும் துடைத்துக் காட்டினார். ஒரு பாதி சட்டி, மறுபாதி கண்ணாடி. அதில் என் முகமும் முக்காடும் அப்படியே தெரிந்தன. “மருமகன், பாருங்க, பாருங்க!” என்று நான் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கூரையில் இரும்பு வளையம் உரசின ஒரு கீறல் மட்டும் போகவில்லை. இன்னும் தேய்க்கச் சொல்லி நான் அடம்பிடித்தேன். தேய்த்தால் பூச்சே போய்விடும் என்று தம்பி மறுத்துவிட்டார். “கிடக்கட்டும் மாமி, விடுங்க” என்றார் மருமகன். அந்தக் குரலில் கோபம் இறங்கியிருந்தது.

பகல் சாப்பாட்டு நேரம், நாங்கள் இன்னும் கராஜில் இருக்கும்போதே, அவரே திரும்ப அழைத்தார். காரைக் காட்டப் போனேன். அவர் தயங்கித் தயங்கி, “மாமி, கோவிக்காதீங்க. நானும் உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லணும்” என்றார். தனிக்குடித்தனம் போகப்போகிறேன் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“எனக்கு இறால் ஒத்துக்கொள்ளாது மாமி. திண்டா உடம்பெல்லாம் தடிக்கும். ஒவ்வொரு முறையும் மருந்துக் குளிசை போட்டுக்கிட்டுத்தான் படுக்கிற.”

புது மருமகன் என்று வாராவாரம் அட்டாளைச்சேனை வரைக்கும் ஆள் அனுப்பிப் பெரிய இறாலாகத் தேடி எடுத்து, பொரித்தும் ஆணம் காய்ச்சியும் அந்தப் பிள்ளைக்கு வைத்தவள் நான். கோப்பை வெறுமையாக வந்தால் இன்னும் கொஞ்சம் அனுப்புவேன். மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. “மாமிட மனம் நோகும், சொல்லாத எண்டு சொன்னாரு உம்மா” என்று தலையைக் குனிந்தாள். அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். சிரிப்பும் வந்தது. காருக்கு நாங்கள் செய்ததைத்தான் அதன் சொந்தக்காரருக்கும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த நாள் சுபஹ் தொழுகைக்குப் பிறகு வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். நேரே குசினி வாசலுக்கு வந்து, “மாமி, தேத்தண்ணி ஒண்டு தாறீங்களா?” என்றார். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சீனி எவ்வளவு போட என்று முதன்முதலாக அவரிடமே கேட்டேன். பாதிக் கரண்டி போதுமாம். இவ்வளவு காலமும் இரண்டு கரண்டி போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

இப்போது எங்கள் வீட்டில் யாருக்கு எது செய்வதென்றாலும் முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். கராஜில் அந்தத் தம்பி பிடிவாதமாக நின்று அந்தப் போனை எடுக்க வைத்திருக்காவிட்டால், இன்றைக்கும் நான் ஆசை ஆசையாக இறால் பொரித்துக் கொடுக்க, என் மருமகன் சத்தமில்லாமல் குளிசை விழுங்கிக்கொண்டிருப்பார்.